தோலில் எழுதிய பத்திரம்

(பொது அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

ஒரு சுங்கச்சாவடியிலிருந்து இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

இரவு நேரம். நெடுஞ்சாலையில் வண்டி வரத்து குறைந்துவிட்டது. ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு இளம்பெண்கள், மாயாவும் தினியும். தூக்கம் வராமலிருக்க போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளாகவே ஓர் ஆள் காரில் வருகிறான், உடனே கிளம்பாமல் முகத்தையே உற்றுப் பார்க்கிறான் என்று மாயா தோழியிடம் சொல்கிறாள். சொல்லி வாய் மூடவில்லை, அந்தக் கார் வந்து நிற்கிறது. உன் பெயர் ரஹாயுவா, ஊர் ஹார்ஜோசாரியா என்று அவன் கேட்கிறான். கார் சற்றுத் தள்ளிப் போய் ஓரங்கட்டுகிறது. இறங்கித் திரும்பி நடந்து வருபவன் கையில் வெட்டுக்கத்தி.

மாயா உயிர் பிழைக்கிறாள். அவன் சுடப்பட்டு விழுகிறான். அதற்குள் சொல்ல வந்த சேதியைச் சொல்லிவிடுகிறான்: உன் குடும்பம் எங்களிடம் விட்டுப்போனது எங்களுக்கு வேண்டாம். தனக்கு ஏதோ சொத்து இருக்கிறது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவருவது இப்படித்தான்.

படத்தின் பெயர் ‘பெரெம்புவான் தானா ஜஹானம்’. இந்தோனேசியாவில் 2019 அக்டோபரில் திரைக்கு வந்தது. நரக பூமியின் பெண் என்று பொருள் கொள்ளலாம். ‘ஜஹானம்’ தமிழ்க் காதுக்கு முழுக்க அந்நியமான சொல் இல்லை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘ஜஹன்னம்’ என்று புழங்கும் அதே அரபுச் சொல்தான். வெளிநாடுகளுக்குப் போனபோது படத்துக்கு ‘இம்பெட்டிகோர்’ என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். இம்பெட்டிகோ என்பது குழந்தைகளுக்கு வரும் ஒரு தோல் நோய். அந்தச் சொல்லோடு ரத்தக்களறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டவைத்த பெயர் அது. இரண்டு பெயர்களையும் சேர்த்து வாசித்தால் படத்தின் சங்கதி முழுவதும் வந்துவிடுகிறது: மண், பெண், தோல்.

இயக்குநர் ஜோகோ அன்வர், சுமத்ராவின் மேடான் நகரில் 1976-ல் பிறந்தவர். பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தில் விண்ணூர்திப் பொறியியல் படித்தார். பிறகு ‘ஜகார்த்தா போஸ்ட்’ நாளிதழில் சினிமா விமர்சனம் எழுதினார். அங்கிருந்துதான் இயக்கத்துக்கு வந்தார். 1980-களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவைக் கலங்கடித்த ‘பெங்காப்டி செத்தான்’ படத்தை 2017-ல் மறுபடி எடுத்து, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரையரங்குக்கு வரவழைத்தார். அந்தப் படத்திலும் ஒரு குடும்ப வீடுதான் களம். ஆனால் இந்த உரைக்கு எடுத்துக்கொண்ட படம் அதைவிட ஆழமாகத் தோண்டுகிறது.

கத்திவெட்டுக்குப் பிறகு மாயாவும் தினியும் சாவடி வேலையை விட்டுவிடுகிறார்கள். சந்தைக்குள் ஒரு துணிக்கடை போடுகிறார்கள், வியாபாரம் ஓடவில்லை. கடை வாடகைக்கே வழியில்லாத நிலையில், அத்தை வளர்த்த அந்தப் பெண்ணிடம் இருப்பது ஒரு பழைய போட்டோ மட்டும். அப்பா, அம்மா, கைக்குழந்தையைவிடச் சற்றே பெரிய பெண் குழந்தை, பின்னால் ஒரு பெரிய வீடு. குழந்தையின் பெயர் ரஹாயு என்று அதில் இருக்கிறது. பட்டா இல்லை, பத்திரம் இல்லை. இவ்வளவு பெரிய வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் ஏழைகளாக இருந்திருக்க முடியாது என்ற ஒரு கணக்கை நம்பி இருவரும் பஸ் ஏறுகிறார்கள்.

இந்த வறுமையைப் படம் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிச் செல்கிறது. ஆனால் பார்ப்பவர் இதைக் கவனிக்காமல் போகக்கூடாது. இந்தோனேசியச் சுங்கச்சாலைகள் 2017 அக்டோபர் கடைசியில் ரொக்கத்தை ஏற்பதை நிறுத்தி, அட்டைக்கு மாறின. கூண்டுக்குள் உட்கார்ந்து சில்லறை கொடுத்த கைகளுக்கு வேலை போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்த படம் இது. பேராசை பிடித்து யாரும் அந்த ஊருக்குப் போகவில்லை. நகரம் கைவிட்ட இரண்டு பெண்கள், பூர்வீகம் கைகொடுக்கும் என்று போகிறார்கள்.

பேய் வீட்டுப் படங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வீட்டை விலைக்கு வாங்குவார்கள். 1979-ல் வந்த ‘அமிட்டிவில் ஹாரர்’ போன்ற அமெரிக்கப் படங்கள் பலவும் இந்த வகை. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய குடும்பம், கடைசியில் போட்டது போட்டபடி தப்பி ஓடும். ஓட முடியும் என்பதுதான் அதில் உள்ள ஆறுதல். வாங்கியவனுக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் இருப்பது பணம் மட்டும். இன்னொரு வகையில் வீடு வழிவழியாக வரும். ஜப்பானில் 1977-ல் நோபுஹிகோ ஒபாயாஷி எடுத்த ‘ஹவுஸ்’ படத்தில் பெரியம்மாவின் வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும் பெண்களை அந்த வீடே தின்கிறது. இந்தியில் 2018-ல் வந்த ‘தும்பாட்’ படத்தில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது மாளிகையோடு சேர்ந்த பேராசை. இந்த வகையில் ஓடிப் போக இடமில்லை. வீட்டை விட்டு வந்துவிடலாம், அந்த ரத்தத்தை எங்கே போய் இறக்கி வைப்பது?

மாயா போய்ச் சேரும் ஹார்ஜோசாரி கற்பனையான ஊர். கிழக்கு ஜாவாவின் காட்டோரங்களில் எடுத்திருக்கிறார்கள். பெயரைக் கவனிக்க வேண்டும். ஜாவானிய மொழியில் ‘ஹார்ஜோ’ என்றால் செழிப்பு. ‘ரஹாயு’ என்றால் நலம், கேடில்லாமை. செழிப்பான ஊரில் நலமாகப் பிறந்தவள் என்று பெயர் சொல்கிறது. ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது இடுகாடு. வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிமேடுகள். ஒரு முழம், ஒன்றரை முழம். ஊரில் பிள்ளைகளின் சத்தமே இல்லை என்பது அப்புறம்தான் உறைக்கிறது. இந்த ஊரில் குழந்தைகள் தோல் இல்லாமல் பிறக்கின்றன. பிறந்ததும் அவற்றின் வேதனையை முடித்துவைப்பது ஊர் வழக்கமாகிவிட்டது.

வீடு காலியாக நிற்கிறது. உள்ளே தூசி படிந்த மரச்சாமான்கள், உயரமான கதவுகள், எரியாத விளக்குகள். சங்கிலிச் சத்தம், தானாகத் திறக்கும் அலமாரி போன்ற வழக்கமான பேய்வீட்டு வித்தைகளை ஜோகோ அன்வர் இங்கே ஏறக்குறைய தவிர்த்திருக்கிறார். வீட்டை விட ஊர்தான் பயமுறுத்துகிறது. யாரும் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு வீடும் நிலமும் தந்த தொழில் எது என்பதில்தான் படத்தின் முடிச்சு இருக்கிறது. மாயாவின் அப்பா கி டோனோவோங்சோ ஒரு டாலாங். வயாங் குலிட் எனும் தோற்பாவைக் கூத்தை நடத்துபவர்.

கொஞ்சம் நின்று இந்தக் கலையைப் பார்க்க வேண்டும். ‘குலிட்’ என்றால் தோல். எருமைத் தோலை ஊறவைத்து, மயிரும் சதையும் போகச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி வெயிலில் காயவைப்பார்கள். தோல் மெலிந்து, விறைத்து, வெளிச்சம் ஊடுருவும் பதத்துக்கு வரும். அதன்மேல் உருவத்தை வரைந்து, சின்னச் சின்ன உளிகளால் துளையிடுவார்கள். கண், மூக்கு, மகுடத்தின் சுருள், ஆடையின் பூ வேலை எல்லாமே துளைகள்தான். ஒரு பாவை முடிய வாரக்கணக்கில் ஆகும். பிறகு வண்ணம் பூசி, நடுவில் எருமைக் கொம்பைச் சூட்டில் வளைத்துச் செய்த பிடியைப் பொருத்துவார்கள். தோள், முழங்கை மூட்டுகளில் அசைவு இருக்கும். கைகளை ஆட்டத் தனிக் குச்சிகள். திரைக்குக் கீழே நீளமான வாழைத்தண்டு கிடக்கும். ஆட்டத்தில் இல்லாத பாவைகளை அதில் குத்தி நிறுத்துவார்கள். நல்லவர்கள் டாலாங்குக்கு வலப்பக்கம், மற்றவர்கள் இடப்பக்கம்.

டாலாங் சம்மணமிட்டு உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருப்பதில்லை. தலைக்கு மேலே விளக்கு. இடப்பக்கம் பாவைப் பெட்டி. அதை மரக்கட்டையால் தட்டித்தான் கமெலான் வாத்தியக்காரர்களுக்குச் சைகை காட்டுவார். பெட்டியில் தொங்கும் உலோகத் தகடுகளைக் காலால் உதைத்துச் சண்டைக்குத் தாளம் கொடுப்பார். அர்ஜுனனுக்கும் பீமனுக்கும் திரௌபதிக்கும் கோமாளிகளுக்கும் அவர் ஒருவரே குரல். பார்ப்பவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிழலையும் பார்க்கலாம், இந்தப் பக்கம் உட்கார்ந்து டாலாங்கின் கைவேலையையும் பார்க்கலாம். யுனெஸ்கோ 2003-ல் இதை மனித குலத்தின் அரிய கலைச்செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. தமிழ்நாட்டின் தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் பெரும்பகுதி பழக்கமானதாகவே இருக்கும். அங்கே எருமைத் தோல், இங்கே ஆட்டுத் தோல். அங்கே இரவு முழுக்கப் பாரதம், இங்கே பெரும்பாலும் ராமாயணம்.

ஜாவாவில் டாலாங் வெறும் கலைஞர் இல்லை. ‘ருவாத்தான்’ என்றொரு சடங்கு உண்டு. கடவுள் பதாரா குருவின் பிள்ளையான காலன், சில வகைப் பிள்ளைகளைத் தின்னும் உரிமையோடு பிறந்தவன் என்பது கதை. உடன்பிறப்பில்லாத ஒற்றைப் பிள்ளை அவனுக்கு இரை. அப்படிப்பட்ட பிள்ளைக்காக டாலாங் அந்தக் கதையைப் பாவைகளால் நிகழ்த்துவார்; பூ மிதக்கும் நீரால் குளிப்பாட்டி, ஒரு கற்றை முடியை வெட்டி, பிள்ளையைக் காலனின் கணக்கிலிருந்து விடுவிப்பார். கதைக்குள்ளேயும் விஷ்ணு ஒரு டாலாங்காக வந்துதான் காலனை மடக்குகிறார். தீட்டைக் கழிக்கும் கை, பிள்ளையைக் காக்கும் கை என்று ஊர் நம்புகிற கை அது.

இதை அறிந்தபின் படத்தைப் பார்த்தால்தான் டோனோவோங்சோ செய்த காரியம் எவ்வளவு கொடியது என்று புரியும். அவருடைய ஒற்றைப் பெண் ரஹாயு தோலில்லாமல் பிறக்கிறாள். அவளைக் காப்பாற்ற அந்த டாலாங் ஊரில் மூன்று சிறுமிகளைக் கொன்று, அவர்கள் தோலை உரித்து, பாவைகள் செய்கிறார். மகள் பிழைக்கிறாள். அந்தப் பழியில் ஊர்ப் பிள்ளைகள் தோலில்லாமல் பிறக்கத் தொடங்குகின்றன. பிள்ளைகளைக் காக்கவேண்டிய கை பிள்ளைகளை உரித்துவிட்டது. கூத்தின் மூலப்பொருளே தோல் என்பதிலிருந்துதான் இந்தக் கற்பனை பிறக்கிறது. எல்லாப் பாவையும் ஓர் உயிரின் தோல்தான் என்ற மறந்துபோன உண்மையை எடுத்துக் கண் முன்னால் வைக்கிறது.

ஆக, மாயாவின் சொத்து எது? அந்த வீடு வெறும் உறை. அவள் உடம்பின் மேல் போர்த்தியிருக்கும் தோல்தான் அவளுக்கு வந்த சொத்து. மூன்று உயிர்களைக் கொடுத்து வாங்கியது. சுங்கச்சாவடிக்கு வந்தவன் எடுத்துக்கொள் என்று சொல்ல வந்தது கடனை. வாரிசு என்றால் வரவுக்கு மட்டும் வாரிசு என்று இருந்துவிட முடியுமா என்று இந்தப் படம் கேட்கிறது. நிலம் வைத்திருந்த எந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளையும் இந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்சம் நெளியத்தான் வேண்டும்.

தினிக்கு நேர்வது இந்தக் கேள்வியின் கொடூரமான மறுபக்கம். மாயா வெளியே போயிருக்கும் நேரத்தில் ஆட்கள் வந்து விசாரிக்கிறார்கள். நான்தான் ரஹாயு என்கிறாள் தினி. வீட்டு விஷயமாக ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று நினைத்துச் சொன்ன சின்னப் பொய். அந்தப் பெயருக்கு விழவேண்டிய தண்டனை அவள் கழுத்தில் விழுகிறது. தலைகீழாகத் தொங்கவிட்டு அறுக்கிறார்கள். மரிசா அனிதா அந்தப் பாத்திரத்தை அவ்வளவு கலகலப்பாகவும் துடுக்காகவும் நடித்திருப்பதால், அவள் போனபின் படத்தில் சிரிப்பு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. பரம்பரைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டுக்காரி பரம்பரையின் பெயரால் சாகிறாள். படத்தில் மனத்தை மிகவும் பிசைவது இந்தச் சாவுதான்.

அறுப்பவர்கள் அரக்கர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார். கி சப்தாடி ஊர்த் தலைவர், டாலாங்கும் அவர்தான். நடிகர் ஆரியோ பாயு அவரைக் கொடியவனாகக் காட்டாமல் களைத்துப் போனவனாகக் காட்டுகிறார். ஊர்க்காரர்களே கொலையில் இறங்குவதற்கு நிஜத்தில் ஒரு நிழல் உண்டு. அதிபர் சுஹார்த்தோ பதவி விலகிய 1998-ல், கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கி பகுதியில் சூனியம் வைப்பவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. படம் அந்தச் சம்பவங்களைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கத்தியோடு வாசலில் நிற்பது கிழக்கு ஜாவாவில் வெறும் சினிமாக் காட்சி இல்லை. அந்த நினைவுள்ளவர்கள் இதை வேறு மாதிரிதான் பார்த்திருப்பார்கள்.

படத்தின் அச்சாணி நீ மிஸ்னி என்ற கிழவி. டோனோவோங்சோ வீட்டு வேலைக்காரி, சப்தாடியின் தாய். தன் மகனுக்கும் எஜமானிக்கும் தொடர்பு என்று தெரிந்ததும் வயிற்றுப் பிள்ளைக்குச் சாபம் வைத்தவள் அவள்தான்; ரஹாயு உண்மையில் சப்தாடியின் மகள். நடித்திருப்பவர் கிறிஸ்டின் ஹக்கிம். 1973-லிருந்து நடித்துவரும் அவரை இந்தோனேசிய சினிமாவின் தாய் என்றே சொல்லலாம். ‘சுட் ஞா தின்’ படத்தில் ஆச்சேயின் விடுதலைப் போராட்ட வீராங்கனையாக நடித்து அழியாத பெயர் பெற்றவர்; 2002-ல் கான் திரைவிழா நடுவர் குழுவில் இருந்தவர். நாடு போற்றும் அந்த முகத்தை ஜோகோ அன்வர் தோல் பதனிடும் கிழவிக்குக் கொடுத்தார். கிறிஸ்டின் ஹக்கிம் கண்ணை உருட்டுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. ஆயுள் முழுக்கப் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்தவளின் பொறுமையோடு கத்தியைப் பிடிக்கிறார். 2020-ன் சிறந்த துணை நடிகைக்கான இந்தோனேசியாவின் சித்ரா திரைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு 17 பரிந்துரைகள் பெற்ற படம், சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட 6 விருதுகளை அள்ளியது. ஒரு திகில் படத்தை ஆஸ்கருக்கு நாட்டின் சார்பில் அனுப்பவும் இந்தோனேசியா தயங்கவில்லை.

இவ்வளவையும் சொன்னபின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பழங்கதை முழுவதும் ஒரே மூச்சில், ஒரே நினைவுக் காட்சியில் கொட்டப்படுகிறது. அதுவரை அளந்து அளந்து பேசிய படம் அங்கே மூச்சு வாங்குகிறது. அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஆணிவேர் வேலைக்காரியின் வன்மமும் எஜமானியின் கள்ளக்காதலும் என்று கதை போய் நிற்கிறது. மூன்று ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து உரித்த பணக்காரனுக்கு மட்டும் மகள்பாசம் என்ற சலுகை கிடைத்துவிடுகிறது. சாபம் வைத்தவள் மிஸ்னி என்றாலும், ஊரான் பிள்ளையின் உயிர் தன் பிள்ளையின் உயிரைவிட மலிவு என்று கணக்குப் போட்டது அந்தப் பெரிய வீடு. படம் அதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் பேய்களின் விஷயத்தில் படம் தவறவில்லை. அந்த வீட்டில் உலவுகிற மூன்று சிறுமிகளும் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அவர்கள் வருவது காட்டிக்கொடுக்க. நடந்தது என்னவென்று மாயாவுக்குக் காட்டுவதே அவர்கள்தான். ஊர் மறந்தது, குடும்பம் மறைத்தது, மந்திரத்தால் சப்தாடியின் நினைவிலிருந்தே அழிக்கப்பட்டது, எல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் பத்திரமாக இருக்கிறது. ஊரில் மாயாவுக்கு உதவுகிற ஒரே உயிருள்ள ஆள் ராத்தி. அஸ்மாரா அபிகைல் நடித்திருக்கிறார். மற்றபடி அந்தப் பெண்ணின் பக்கம் நிற்பவர்கள் செத்துப்போன மூன்று சிறுமிகள். தங்கள் தோலால் பிழைத்தவளிடம் அவர்கள் கேட்பது பழி இல்லை, ஒரு குழி. தங்கள் தோலில் செய்த பாவைகளை மண்ணில் புதைக்க வேண்டும்.

மாயாவாக நடித்த தாரா பாஸ்ரோ அந்தக் காட்சியில் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. வெறும் கையால் மண்ணைத் தள்ளுகிறார். தன் தோலுக்கு விலையாகப் போனவர்களை அடக்கம் செய்கிற கைகள் அவை. அன்று ஊரில் ஒரு குழந்தை முழுத் தோலோடு பிறக்கிறது. உண்மை தெரிந்த சப்தாடி தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான். மகனைப் பார்த்த மிஸ்னியும் அப்படியே போகிறாள்.

படம் அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஓராண்டுக்குப் பின் என்று ஒரு சிறு காட்சி வருகிறது. ஒரு வீட்டில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி. இருட்டில் அவளைத் தேடி வருவது மிஸ்னி. மூன்று சிறுமிகளுக்கும் குழி வெட்டியாயிற்று. அந்த வேலைக்காரிக்கு அப்படிச் செய்ய அந்தப் பெரிய வீட்டிலும் ஊரிலும் யாரும் இருக்கவில்லை.